பூச்சட்டைக்காரரின் மகன்

"சிறார் நலக் காவல் அலுவலர் குழந்தை உளவியலில் தேர்ச்சியும், கனிவான பேச்சும், அளவற்ற பொறுமையும், சிறாரின் நம்பிக்கையைப் பெறும் இயல்பும் உடையவராக இருத்தல் வேண்டும். சிறாரைச் சந்திக்கும்போது சீருடை அணிதல் கூடாது. முதல் சந்திப்பிலேயே தாம் யார் என்பதைச் சிறாருக்குப் புரியும் மொழியில் கூறிவிடுதல் வேண்டும்."

சுற்றறிக்கை இப்படிச் சொல்கிறது. அதன்படி நியமிக்கப்பட்டவர் ஓய்வுபெற இரண்டு வருடமே பாக்கியிருந்த ஒரு ஏட்டு. குழந்தை உளவியலில் அவருக்கிருந்த தேர்ச்சியை அவருடைய ஒரே மகளைக் கேட்டால் சொல்வாள். தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அவளிடம் அவர் நேராகப் பேசியதில்லை, எல்லாம் மனைவி வழியாகத்தான். பேச்சின் கனிவைப் பற்றிச் சொல்வதானால், அவர் போனில் 'ஹலோ' என்றாலே எதிர்முனையில் இருப்பவர் தாம் என்ன தப்பு செய்தோம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார். பொறுமை இருந்தது. உண்மையில் அது பொறுமை அல்ல, வலது முழங்கால்.

அந்த முழங்கால்தான் இந்தப் பதவியை வாங்கித் தந்தது. ஒரு சங்கிலித் திருடனைத் துரத்திக்கொண்டு போனவர், பாதி வழியில் ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, அந்த வீட்டாரிடமே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தார். ஆய்வாளர் அவரைவிட இருபது வயது இளையவர், நல்ல மனிதர்தான். "ஓட முடியாதவரு, பாவம், பசங்களைப் பாத்துக்கட்டும்" என்றார். பசங்கள் ஓடமாட்டார்கள் என்று யார் அவருக்குச் சொன்னார்களோ தெரியவில்லை. அரை நாள் பயிற்சி நடந்தது. ஏட்டு அதில் முக்கால்வாசி தூங்கினார். சான்றிதழில் அவருடைய பெயர் பிழையில்லாமல் இருந்தது.

சீருடை கூடாது என்றதும் ஒரு சிக்கல் எழுந்தது. அவரிடம் காக்கி இருந்தது, இரண்டு வெள்ளைச் சட்டைகள் இருந்தன. வெள்ளையைப் போட்டால் ஓட்டுக் கேட்க வந்தவர் மாதிரி இருந்தார். மனைவி ஒரு கடைக்கு நைட்டி தைத்துக் கொடுப்பவர். உள்ளங்கை அகல மஞ்சள் பூக்கள் போட்ட நீலத் துணி மிச்சமாகியிருந்தது, அதில் ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார்.

"பசங்க பாக்கற சட்டை. கொஞ்சம் கலராத்தான் இருக்கட்டுமே."

நிலையத்தில் அன்று வேலையே நடக்கவில்லை. "அண்ணே, அண்ணிக்கு நைட்டி கையில்லாமப் போச்சாமே, நிஜமா?" என்று ஆரம்பித்து வைத்தார் எழுத்தர். அன்றிலிருந்து அவருக்குப் பூச்சட்டை என்றே பெயர். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. முப்பது வருடமாக அவரைக் கண்டால் ஜனங்கள் எழுந்து நின்றார்கள், பேச்சை நிறுத்தினார்கள், சில பேர் பின்பக்கமாகப் போனார்கள். இந்தச் சட்டையில் பேருந்தில் ஒரு கிழவி அவரை இடித்துத் தள்ளி, "கொஞ்சம் நகந்துதான் உக்காரேன்பா" என்றாள். அது அவருக்குப் பிடித்திருந்தது. ஏன் பிடித்தது என்று அவர் யோசிக்கவில்லை. யோசித்துப் பழக்கமும் இல்லை.

வேலை என்னவோ பெரும்பாலும் கையெழுத்துதான். விதிப்படி, ஒரு சிறுவனைப் பிடித்த உடனே இவர் போய் அவனைச் சந்திக்க வேண்டும், தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும், பயத்தைப் போக்க வேண்டும். நிலையத்தின் வழக்கம் வேறு. குற்றப்பிரிவு ஆட்கள் பிடிப்பார்கள், அவர்களுடைய பாணியில் விசாரிப்பார்கள், பிறகு காகிதத்தை அனுப்பிவைப்பார்கள். 'சந்தித்தேன், நான் யார் என்பதை விளக்கினேன்' என்று அச்சடித்த வரிக்குக் கீழே பூச்சட்டை கையெழுத்துப் போடுவார். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எல்லோருக்கும் நேரம் மிச்சமானது, அவ்வளவுதான்.

செல்போன் கடை வழக்கிலும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டார். கடையின் பின்சுவரில் உயரத்தில் ஒரு காற்றுத் துளை. அதற்குள் ஒரு பூனை நுழையலாம், அல்லது சரியாகச் சாப்பிடாத ஒரு பதினைந்து வயதுப் பையன் நுழையலாம். கேமராவில் முகம் விழுந்திருந்ததால் பூனை தப்பித்தது. பையன், நான்தான் செய்தேன், நான் மட்டும்தான் செய்தேன், போன்களை யாரோ ஒருத்தனிடம் விற்றுவிட்டேன் என்று ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டான். கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொன்னான். தனி ஆளாக அந்த உயரத்துக்கு எப்படி ஏறினாய் என்றால் மட்டும் பேச்சை மாற்றினான். போன்கள் கிடைக்கவில்லை. ஆய்வாளருக்கு மேலிடத்திலிருந்து தினமும் ஒரு வசவு கிடைத்தது.

பையனைக் கூர்நோக்கு இல்லத்தில் வைத்தார்கள். அங்கே நாற்பது பையன்கள், கூர்ந்து நோக்க இரண்டு பேர், அதில் ஒருவர் சமையலையும் பார்த்துக்கொண்டார்.

சிறார் நீதிக் குழுமம் ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கூடும். நீதிமன்றம் போலத் தெரியக்கூடாது என்பது சட்டம். அதனால் மேடை இல்லை, கூண்டு இல்லை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் சிரிக்கிற கரடி ஒன்று. சுவர் ஓதம் காத்ததில் கரடியின் ஒரு கண் கரைந்து கன்னம் வரை வழிந்திருந்தது. தாழ்வாரத்தில் ஒரு நீள பெஞ்சு. அதில் பெற்றோர்கள் உட்காருவார்கள். வேறு யாரும் உட்காருவதில்லை. எழுதிவைத்த விதி இல்லை, யாருக்கும் மனசு வராது, அவ்வளவுதான்.

வேறொரு வழக்கின் காகிதத்தோடு அன்று அங்கே போயிருந்த பூச்சட்டைக்கு முழங்கால் விண்ணென்று தெறித்தது. பெஞ்சில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் இல்லத்துக் காவலாளி ஒரு பையனைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்காரவைத்து, "எங்கயும் போயிடாதடா, டீ சாப்பிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகாதே என்று திருட்டு வழக்குப் பையனிடம் கேட்டுக்கொண்டு டீ குடிக்கப் போகும் தைரியம் அவருக்கு எப்படி வந்தது என்று கேட்கலாம். பையன்கள் யாரும் போனதில்லை என்பதுதான் பதில்.

பையன், முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"பெரியப்பா, உங்க பையனும் உள்ளயா?"

இல்லை, நான் போலீஸ் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பையன் தள்ளி உட்காருவான். அவருடைய வாய் வேறு மாதிரி முடிவு செய்தது.

"ஆமாப்பா."

"என்ன கேஸு?"

"சைக்கிள்."

"சைக்கிளா!" பையனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "கியர் வச்சதா, சாதாவா?"

"சாதா."

"ஒரு சாதா சைக்கிளுக்கா இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கீங்க? அதெல்லாம் ஒரு கேஸே இல்ல பெரியப்பா. பெல்லு இருந்துச்சா?"

"தெரியலப்பா."

"பெல்லு இல்லன்னா இன்னும் சீக்கிரம் விட்டுருவாங்க."

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான். பூச்சட்டையும் சிரித்தார். பிறகு, இல்லாத அந்த மகனைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தார். சொன்ன பேச்சு கேட்பதில்லை, பெத்தவன் ஒருத்தன் இருக்கிறான் என்ற நினைப்பே கிடையாது, எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். ஒரு சாதா சைக்கிளைத் திருடாத, பிறக்கவே பிறக்காத ஒருவனுக்காக அவருடைய கண் கலங்கியது. அதில் நடிப்பு துளியும் இல்லை என்பதுதான் இந்த விஷயத்தில் மிக மோசமான பகுதி.

"அழாதீங்க பெரியப்பா. எங்கம்மாவும் இப்படித்தான். ஹோட்டல் லாண்டரில இஸ்திரி போடறாங்க. என்னைப் பாக்க வந்தா, வர்ற வழியெல்லாம் அழுதுட்டு, வந்து சிரிப்பாங்க." அவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "உங்களுக்காவது ஒரு பையன். எங்க வீட்ல ரெண்டு பேரும் போயிருக்கணும். நான்தான் ஒருத்தனோட நிறுத்திட்டேன்."

"என்னப்பா சொல்ற?"

"செல்போன் கடை. அண்ணன்தான் தோள்ல ஏத்தி விட்டான். அவனுக்குப் பத்தொம்பது, மாட்டினா பெரிய ஜெயிலு. எனக்குப் பதினஞ்சு, புத்திமதிதான். எங்க தெருப் பசங்க எல்லாம் சொன்னாங்க. அதான் நானே தனியாப் பண்ணேன்னு சொல்லிட்டேன். அவன் வெளிய இருந்தாத்தான் வீட்டுக்கு வாடகை. அடுத்த தடவை என்னை விட்டுட்டா கணக்கு நேராயிடும்."

செல்போன் கடை என்ற சொல்லிலேயே பூச்சட்டைக்குத் தெரிந்துவிட்டது, இது தம்முடைய நிலையத்து வழக்கு, தாம் சந்தித்ததாகக் கையெழுத்துப் போட்ட பையன் இவன்தான் என்று. எழுந்து போயிருக்கலாம். முழங்கால் இடம் கொடுக்கவில்லை என்று பின்னால் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

"அப்ப போனெல்லாம் எங்கப்பா?"

அது ஒரு பெரியப்பா கேட்கிற கேள்வி அல்ல. ஆனால் குரல் பெரியப்பாவுடையதாக இருந்தது.

"அண்ணன் வேலை செய்யற பஞ்சர் கடையில. கிழிஞ்ச டியூப் குமிச்சு வச்சிருப்பாங்கல்ல, அதுக்குள்ள."

அன்று குழும உறுப்பினர் ஒருவர் வராததால் எல்லா வழக்குகளும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயின. காவலாளி வந்து கூப்பிட்டதும் பையன் எழுந்தான்.

"உங்க பையன் எப்படி இருப்பான்? அடையாளம் சொல்லுங்க, உள்ள நான் பாத்துக்கறேன்."

"வேணாம்பா. அவன் கூச்சப்படுவான்."

"சாப்பாட்டு வரிசையில கடைசில நிக்கச் சொல்லுங்க. முன்னாடி நின்னா வெறும் தண்ணி. அடியிலதான் கெட்டியா வரும்."

பேருந்தில் திரும்பும்போது, இதை யாரிடமும் சொல்வதில்லை என்று பூச்சட்டை முடிவு செய்தார். நல்ல உறுதியான முடிவு. நிலையத்து வாசல் வரை தாங்கியது.

"வாங்க பூச்சட்டை!" என்றார் ஆய்வாளர். அன்றைய வசவு அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது. "நாங்க இங்க போனைத் தேடித் தேடிச் சாகறோம். நீங்க எத்தனை பேருக்குத் தாலாட்டுப் பாடிட்டு வர்றீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். எழுத்தர் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

"போனெல்லாம் பஞ்சர் கடையில இருக்கு சார்" என்றார் பூச்சட்டை.

மாலைக்குள் போன்கள் கிடைத்தன. அண்ணன் கிடைத்தான். ஆய்வாளர் எழுந்து வந்து தோளில் தட்டினார். எழுத்தர் தம் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கண்ணே" என்றார். முப்பது வருடத்தில் எந்த நிலையத்திலும் யாரும் அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டதில்லை. அவர் உட்கார்ந்தார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, "பேச்சு குடுத்தேன், சொன்னான்" என்றார். அது உண்மைதான். உண்மையை எவ்வளவு சின்னதாக நறுக்கினாலும் அது உண்மையாகவே இருக்கிறது என்பது அதில் உள்ள ஒரு குறை.

அடுத்த வாரம் குழுமம் கூடியது. அண்ணன் ஏற்கெனவே பெரிய ஜெயிலில் இருந்தான். தலைவி நல்ல மனுஷி; மேஜை இழுப்பறையில் பையன்களுக்காக பிஸ்கட் வைத்திருப்பவர். மூத்தவன் சின்னவனைத் தூக்கி ஓட்டைக்குள் திணித்திருக்கிறான், சின்னவன் மேல் என்ன தப்பு, இன்றே தாயுடன் அனுப்பிவிடலாம் என்ற எண்ணத்தில்தான் அவர் வந்திருந்தார். தாய்க்கும் யாரோ சொல்லியிருந்தார்கள். பையனின் துணிகளை எடுத்துப் போக ஒரு காலிப் பை கொண்டுவந்திருந்தார்.

உள்ளே போகுமுன் ஆய்வாளர் பூச்சட்டையை ஓரமாக அழைத்தார்.

"அண்ணே, முதல் நாளே பையன்கிட்ட யாருன்னு சொல்லியாச்சுன்னு பேப்பர்ல இருக்கு, உங்க கையெழுத்தோட. அதையே சொல்லுங்க. மாத்திச் சொன்னா கேஸும் நிக்காது, நீங்களும் நிக்க மாட்டீங்க."

அவர் அறைக்குள் நுழைந்ததும் பையனின் முகம் மலர்ந்தது.

"பெரியப்பா! உங்க பையனுக்கும் இன்னிக்குத்தானா?"

தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இவர் யார்னு உனக்குத் தெரியுமாப்பா?"

"சைக்கிள் கேஸ் பையனோட அப்பா."

"இவர் போலீஸ்காரர்ப்பா."

பையன் சிரித்தான். சட்டையைப் பார்த்தான். மறுபடி சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "இல்லங்கம்மா. அவரு பையன் உள்ள இருக்கான். அவரே சொன்னாரு. பெஞ்சுல உக்காந்து அழுதாரு."

தலைவி திரும்பினார். அவர் அதைக் குற்றம் சாட்டும் குரலில் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "ஏட்டு, நீங்க யாருன்னு இவன்கிட்ட சொன்னீங்களா, இல்லையா?"

பையனுக்கும் அவருக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் இருந்தது. தாய் காலிப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சொன்னேம்மா. முதல் நாளே சொல்லிட்டேன்." பிறகு, யாரும் கேட்காமலே, "எனக்குப் பையனே கிடையாதும்மா. ஒரே பொண்ணு" என்றார்.

இரண்டாவது வாக்கியம் முழு உண்மை. யார் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். அந்த உண்மை முதல் வாக்கியத்தையும் தோளில் ஏற்றி, உயரத்தில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே அனுப்பிவைத்தது. ஒரு போலீஸ்காரர் எதற்காக இல்லாத மகனைத் திருடனாக்கி உட்கார்ந்து அழப்போகிறார்? யாராலும் நம்ப முடியவில்லை. அவரிடமே கேட்டிருந்தாலும் அவருக்கும் காரணம் தெரியாது.

உளவியல் படித்த உறுப்பினர் பக்கத்தில் இருந்தவரிடம் தணிந்த குரலில் பேசினார். தகப்பன் இல்லாத பையன், தகப்பன் வயதில் ஒருவரைப் பார்த்ததும் ஒரு கதை கட்டிக்கொண்டிருக்கிறான், அதிகாரியின் மேலேயே பழியும் போடுகிறான், இப்படியே வீட்டுக்கு அனுப்பினால் நாளைக்கு என்ன செய்வானோ. படித்தவர்களின் பேச்சில் எல்லாமே பொருந்தி வந்தது. தலைவி நெடுநேரம் யோசித்தார். பொய் கூறும் பழக்கம் முற்றியிருப்பதால், ஒன்பது மாதம் சிறப்பு இல்லத்தில் வைத்து ஆலோசனை அளிக்க வேண்டும் என்று உத்தரவானது. அவர் பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். பையன் வாங்கவில்லை. அவன் பூச்சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப அந்த சைக்கிள்?" என்றான்.

தாய் காலிப் பையை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனார்.

அதன் பிறகு பூச்சட்டைக்கு ராத்தூக்கம் கெட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். அவர் நன்றாகத் தூங்கினார். பகலில்தான் சிரமம். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாயில் வைக்கமாட்டார்.

"உப்பு போறலையா?" என்பார் மனைவி.

"போறும்."

"பின்ன என்ன பிசைஞ்சுக்கிட்டே? வீட்டுக்குச் சுண்ணாம்பா அடிக்கப் போறீங்க?"

ஒருநாள் அவர் திடீரென்று, "நமக்கு ஒரு பையன் இருந்திருந்தா எப்படி இருந்திருப்பான்?" என்று கேட்டார். மனைவி தையல் மிஷினை நிறுத்தாமலே பதில் சொன்னார். "பொண்ணுகிட்டப் பேசுங்க முதல்ல. இல்லாதவனுக்கு அப்புறம் பேரு வைக்கலாம்."

மேல்முறையீட்டுக்குக் கெடு இருந்தது. அதற்குள் ஒரு முறை அவர் தலைவியின் அறைக்குப் போனார். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்; நான் சொல்லவில்லை அம்மா, அவ்வளவுதான். வழியெல்லாம் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

"வாங்க ஏட்டு. என்ன விஷயம்?"

"அந்த செல்போன் பையன் விஷயமாம்மா…"

"அன்னிக்கு அவ்வளவு பேசியும் அவன் மேல கோபப்படாம விசாரிக்க வந்திருக்கீங்க பாருங்க. உங்கள மாதிரி நாலு பேர் இருந்தாப் போதும்." அவர் இழுப்பறையைத் திறந்தார். "எடுத்துக்கங்க."

பூச்சட்டை பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வந்தார்.

பிறகு கெடு முடிந்தது. கெடு முடிந்துவிட்டதே என்று வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தில் நிம்மதியின் ருசி இருந்ததும் அவருக்குத் தெரிந்தது. சிறப்பு இல்லத்துக்கு வேறு பையன்கள் விஷயமாகப் போகும்போது, இவன் கூடத்தின் மறுகோடியில் இருப்பான். ஒளியவில்லை, முறைக்கவும் இல்லை. தெரியாத ஒருவரைப் பார்ப்பது போலப் பார்ப்பான். முதல் நாளே தம்மை அறிமுகப்படுத்திக்கொண்ட அதிகாரியைப் பார்க்க வேண்டிய பார்வைதான் அது.

பார்வையாளர் நாள் ஒன்றில், இல்லத்து வாசலில் தாய் அவரைக் கண்டுகொண்டார். கையில் தீக்காயத் தழும்பு, இஸ்திரிப் பெட்டியுடையது. பூச்சட்டை வேறு பக்கம் திரும்புவதற்குள் பக்கத்தில் வந்துவிட்டார்.

"ஐயா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்."

அவர் நழுவ வழி இருக்கிறதா என்று பார்த்தார். ஒருவகையில், வரட்டும் என்றும் இருந்தது. திட்டட்டும். நாலு பேர் பார்க்கத் திட்டட்டும்.

"எம் பையன் அன்னிக்கு உங்களைப் பத்தி என்னென்னமோ சொல்லிட்டான். மன்னிச்சுருங்கய்யா. அவங்கப்பா போனதுலேருந்தே அவன் ஒரு மாதிரி. இப்பவும் பாக்க வந்தா அதையேதான் சொல்றான், சைக்கிள், சைக்கிள்னு. நம்பும்மான்னு அழறான். நான், போதும்டா, பெரிய மனுஷன் மேல பழி போடாதடான்னு கண்டிச்சிருக்கேன். ஆலோசனை குடுக்கற மேடமும் அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க." அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சின்னப் பையன்யா. மனசுல வச்சுக்காதீங்க."

சொல்லிவிட இன்னும் இடம் இருந்தது. இதற்குக் கெடு எதுவும் இல்லை, கேட்பதற்கு ஒரே ஒரு ஆள்தான்.

"பரவாயில்லம்மா" என்றார். "சின்னப் பையன்தானே."

பையன் சொன்னது ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஏட்டு தாம் யார் என்று அவனிடம் சொல்லவில்லை. தம் மகன் உள்ளே இருப்பதாகச் சொன்னார், அவன் தேற்றும் அளவுக்கு அழுதார், போன்கள் எங்கே என்று கேட்டார். குழுமத்தில் அதை இல்லை என்றார். அவனுடைய தாய் வந்து மன்னிப்புக் கேட்டபோது, மன்னித்தார்.